மீன்தொட்டியில் இரும்புச் சீலா

எங்கள் ஊர்ப் பல் டாக்டர் மச்சாதுவின் மீன்தொட்டிக்குள் ஒரு நீர்மூழ்கிக் கப்பல், ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லா நாளும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், உள்ளே இருந்த அத்தனை பேரோடும் மூழ்கிக்கொண்டிருந்த அந்த மழைக்காலத்தில், தூத்துக்குடியில் யாரும் பல்வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களுக்கும் வாயில் பல் இருக்கிறது, அது ஒருநாள் வலிக்கும், வலித்தால் அவர்களும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரத்தான் வேண்டும், அப்போது பேசிக்கொள்வோம்.

நான் அங்கே தினமும் போவேன். வாயில் ஒரு பல்கூட இல்லாதவனுக்குப் பல் டாக்டரிடம் என்ன வேலை என்று கேட்பீர்கள். அங்கே ஃபேன் இருந்தது, பேப்பர் இருந்தது. தவிர, என் மேல்வரிசையும் கீழ்வரிசையும் டாக்டர் செய்து கொடுத்த பல்செட்டு, அதை அவ்வப்போது உரசிச் சரிசெய்துகொள்ள எனக்கு உரிமை இருந்தது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்: என் பல்செட்டின் ஈறும் அந்தக் கப்பலின் அடிவயிறும் ஒரே டப்பா மாவில், ஒரே கிண்ணத்தில், ஒரே மத்தியானத்தில் குழைத்து வார்த்தவை. எனக்கு வார்த்தது போக மிஞ்சியதைக் கப்பலுக்கு ஊற்றினாரா, கப்பலுக்கு ஊற்றியது போக மிஞ்சியதை எனக்கு வார்த்தாரா என்று கேட்டேன். டாக்டர் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் வாயை மூடிக்கொண்டால் மற்றதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆமாம், டாக்டர் மச்சாதுவுக்குப் பொய் வராது. "வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டால் "நல்லா வலிக்கும்" என்று சொல்கிற ஒரே பல் டாக்டர் அவர்தான். அந்தக் குணம்தான் அவரைக் கப்பல் பைத்தியமாக்கியது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், நம் கைக்குழந்தை ஒன்றைக் கிடத்தினால் எவ்வளவு நீளம் இருக்குமோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, கப்பலைச் செய்து முடிக்க அவருக்கு ஒரு வருஷம்தான் ஆனது; அது எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கத்தான் பாதி ஆயுள் போனது. பல் குடைகிற டிரில்லால் விலாவில் வரிசையாக நீர்த்துளைகள் போட்டிருந்தார். ஒவ்வொரு துளையும் கடுகுகூட நுழையாத அளவு, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய போட்டோவில் இருப்பதாக நிரூபிக்கப்பட்டது. எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டியில் நோயாளியின் கடைவாய்க்குப் பக்கத்திலேயே அந்தக் கப்பலின் போட்டோ ஃபிலிமையும் செருகி வைத்திருப்பார். ஒரு கண்ணால் சொத்தையைப் பார்ப்பார், இன்னொரு கண்ணால் நடுக்கோபுரத்தின் நிழலை அளப்பார். நிழலின் நீளத்திலிருந்து மணி தெரியும், மணி தெரிந்தால் கோபுரத்தின் உயரம் தெரியும் என்பார். எங்கெங்கோ இருக்கிற மாடல்காரர்களோடு, கைப்பிடிக் கம்பி இரண்டு வரிசையா மூன்று வரிசையா என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது.

"ஒரு கப்பல்னா ஒரே கப்பல் இல்ல, அண்ணாச்சி," என்பார், இரண்டு கையும் என் வாய்க்குள் இருக்கும்போது. "தை மாசம் இருந்த கப்பல் வேற, சித்திரையில இருந்த கப்பல் வேற. நடுவுல பெயிண்ட் மாத்தியிருப்பான், கம்பியை வெட்டியிருப்பான், துளையை அடைச்சிருப்பான். மாடல் செய்யறவன் மொதல்ல நாளைத் தேர்ந்தெடுக்கணும். நாள் இல்லாத மாடல் வெறும் பொம்மை."

நான் "ஆ" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

அவர் தேர்ந்தெடுத்த நாள், எங்கள் ஊருக்குத் தெரிந்த நாள். யுத்த காலத்தில் முயல் தீவுக்கு அப்பால், செத்த மீன் மாதிரி ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அசையாமல் மிதந்தது. எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லமாட்டேன், அந்த நாட்டிலும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு இரும்புச் சீலா என்று பேர் வைத்தார்கள். நீளமும் கூர்மூக்குமாகச் சீலா மீனை உரித்து வைத்த மாதிரி இருந்ததாம். யாரோ விட்ட வலை அதன் வால் விசிறியில் சுற்றிக்கொண்டு, இஞ்சின் நின்றுவிட்டது. வலையை அறுக்கச் சங்கு குளிக்கிற ஆள் வேண்டும் என்று கரைக்கு ஆள் விட்டார்கள். மறுநாள் கஸ்பார் போனான். அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்தவன் அவன் மச்சினன் தொம்மை. குளிக்கிறவனின் கயிற்றை மச்சினன் பிடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தன் அக்காள் தாலி அறுவதற்கு எந்தத் தம்பியும் கயிற்றை நழுவவிடமாட்டான் என்ற நம்பிக்கை. ஒரு இழுப்பு இழுத்தால் "தூக்கு" என்று அர்த்தம், இரண்டு இழுத்தால் "பொறு".

கஸ்பார் வலையை அறுத்து முடித்தான். மேல்தளத்தில் நின்ற அதிகாரி கைதட்டி, உள்ளே வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று சைகை காட்டினான். கஸ்பார் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கப்பலின் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டு, "மச்சினா, சீமைத் தேத்தண்ணி எப்படி இருக்குன்னு பாத்திட்டு வந்திர்றேன்" என்று சொல்லி மூடிக்குள் இறங்கினான். பள்ளிக்கூடம் விடுகிற அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏரோப்ளேன் சத்தம். மூடி சாத்திக்கொண்டது. இரும்புச் சீலா முங்கியது. தொம்மை கயிற்றை விடவில்லை, உள்ளங்கைத் தோல் முழுக்க உரிந்து கயிற்றோடு போகும்வரை விடவில்லை, வள்ளம் கவிழ்ந்த பிறகுதான் விட்டான். கப்பல் அதற்குப் பிறகு உலகத்தில் எந்தக் கடலிலும் மேலே வரவில்லை. கஸ்பாரின் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள்.

அந்த வயிற்றில் இருந்தவள்தான் சலேத்தம்மாள். எழுபதைத் தாண்டியவள், மீன் ஏலக்கடையில் நின்றால் பத்து ஆம்பிளைகளின் சத்தத்தை ஒற்றை அதட்டலில் அடக்குகிறவள். அப்பன் முகம் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் யாரிடம் போட்டோ இருந்தது. அவள் கடைவாய்ப்பல் பிடுங்க வந்த அன்று, வாய் நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி அலமாரியில் கப்பலைப் பார்த்தாள். எழுந்தாள். பஞ்சைத் துப்பினாள்.

"தம்பி, எங்க அப்பா இதுக்குள்ளதான் இருக்காரு."

வேறு யாராக இருந்தாலும் அய்யோ பாவம் என்றிருப்பார்கள். டாக்டருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

"பெரியம்மா, உங்க மாமா தொம்மை ஏதாவது சொல்லியிருக்காரா? கயிறு எந்தப் பக்கத்துக் கம்பியில கட்டியிருந்துச்சு? இடதா, வலதா?"

"சாகுற வரைக்கும் அதையேதான சொல்லிக்கிட்டிருந்தாரு. பின்பக்கம், கரையைப் பாத்த பக்கம். மூணாவது கம்பி. ரெண்டு சுத்துச் சுத்தி ஒரு உருவுசுருக்கு."

"முடிச்சைப் போட்டுக் காட்ட முடியுமா?"

அவள் தன் முந்தானை நூலில் போட்டுக் காட்டினாள். டாக்டர் இடுக்கியால் ஒரு தேங்காய் நாரை முடியைவிட மெல்லியதாகக் கிழித்து, பூதக்கண்ணாடி வைத்து, அந்தக் கம்பியில், அந்த முடிச்சை, அப்படியே போட்டார். மிச்சமிருந்த ஒரே விவரம் அதுதான். நிமிர்ந்து பெருமூச்சு விட்டு, "இன்னைக்குத்தான் முழுசா ஆச்சு" என்றார். மிதக்கும்போது ஒரு போட்டோ எடுக்கலாம் என்று மீன்தொட்டியில் இறக்கி விட்டார்.

தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்தது. கப்பல் தானாக மூக்கைத் தாழ்த்தி, நீர்த்துளைகள் வழியாகப் பொடிப்பொடியாகக் குமிழி விட்டு, இறங்கி, கூழாங்கல்லில் படுத்தது. பிறகு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டொக். கொஞ்ச நேரம் கழித்து, டொக். எனக்கு அது காதில் கேட்கும் முன்பே பல்செட்டில் கேட்டது, இரண்டு வரிசையும் தானாக ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

சலேத்தம்மாள் தொட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒத்தத் தட்டு. தூக்குங்கறாரு."

மறுநாள் காலையில் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் மூழ்கியது. அதற்கு மறுநாளும் அப்படியே.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், எங்கள் ஊர் எதையும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான். முதலில் பல்வலிக்காரர்கள் வந்தார்கள், பிறகு பல்வலி இருப்பதாகச் சொல்கிறவர்கள் வந்தார்கள், நாற்காலி கிடைக்காது என்று பயந்து நல்ல பல்லையே பிடுங்கிக்கொண்டவர்கள் இருவரை எனக்குத் தெரியும். காலையில் கப்பலுக்குள்ளிருந்து வெங்காயம் வதக்குகிற வாசம் வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த வாசத்தை வைத்து உலை வைத்தார்கள். மத்தியானம் ரொம்ப மெல்லிசாக ஒரு சீமைப் பாட்டு, இசைத்தட்டு கீறல் விழுந்த இடத்தில் திரும்பத் திரும்ப நிற்கும். ரிக்‌ஷாக்காரர்கள் அந்த இடத்தை விசிலடிக்கப் பழகினார்கள். பள்ளிக்கூட மணிக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள், தெருவில் பஸ் ஹாரன் அடிக்காது, மூழ்கி முடிந்ததும் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள், சுண்டல்காரன் மறுபடி கூவ ஆரம்பிப்பான். தொட்டியில் இருந்த தங்கமீன்கள் அந்த நேரம் வரும்போது ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும். சென்னையிலிருந்து ஒரு மாடல்காரர் பூதக்கண்ணாடியோடு வந்து, கப்பல் மூழ்குவதைக் கவனிக்காமலே துளைகளை எண்ணி முடித்து, "கோபுரத்து விளக்கு இடது பக்கம்தான் இருந்திருக்கணும்" என்றார். உள்ளேயிருந்து யாரோ வலது பக்கத்து விளக்கை ஏற்றிக் காட்டினார்கள். அவர் கோபித்துக்கொண்டு ரயில் ஏறினார்.

பங்குச் சாமியாரும் வந்தார், வீங்கிய கன்னத்தோடு. இறந்தவர்களுக்கான பூசை வைக்க முடியுமா என்று கேட்டார்கள்.

"செத்தவங்களுக்கு வைக்கலாம்," என்றார் சாமி. "இவங்க காலையில வெங்காயம் வதக்கறாங்களே. நாளைக்கும் வதக்கப்போறவங்களுக்கு நான் இன்னைக்கு என்ன பூசை வைக்க?"

சலேத்தம்மாள் தினமும் ஒரு சில்வர் டிபன் வாளியில் சோறும் நண்டுக் குழம்பும் கொண்டுவந்து தொட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள். முதல் வாரம் அவளுக்குச் சந்தோஷம். "அப்பா, நான்தான். உங்க பொண்ணு. மாமா போயிட்டாரு. அம்மாவும் போயிட்டா. எனக்கு ரெண்டு பையன், ரெண்டும் ஒண்ணுக்கும் ஆகாது," என்று ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். டொக், என்று பதில் வரும். டொக். மூழ்கிய பிறகு அந்தத் தட்டு மெதுவாகி, இடைவெளி விட்டு, மாதா கோயிலில் சாயங்கால மணி அடிப்பதற்குள் நின்றுபோகும். அவள் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள், மூடி திறக்காமல்.

ஊர் பழகிக்கொண்டது. தட்டுகிற சத்தத்துக்கு நடுவிலேயே ஆட்கள் வாரப்பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டார்கள். ஒருநாள் ஒருத்தி, "இன்னைக்குச் சத்தம் கொஞ்சம் கம்மி இல்ல?" என்று சாம்பாரில் உப்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். சலேத்தம்மாள் எழுந்து நேராக டாக்டரின் அறைக்குள் போனாள். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தவன் நான்.

"தம்பி, போதும். ஒருதடவை செத்த மனுசன். நீங்க தினம் ஒருதடவை சாகடிக்கறீங்க. அவரு தூக்கு தூக்குங்கறாரு, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். கயிறு பிடிக்க ஒருத்தர் இல்ல. நிறுத்துங்க."

டாக்டரின் கை என் வாய்க்குள்ளேயே நின்றது. "எப்படி பெரியம்மா? தண்ணியிலேருந்து எடுத்துப் பாத்தேன்ல."

எடுத்துப் பார்த்தார்தான். அலமாரிக்குள் வைத்த அன்றைக்குப் பள்ளிக்கூட மணி அடித்ததும் தெரு முழுக்க எல்லோருக்கும் காது அடைத்தது, ஆழத்தில் இறங்குகிறவனுக்கு அடைக்கிற மாதிரி, ஒரு பாட்டி மூக்கில் ரத்தம் வந்து மயங்கி விழுந்தாள். திரும்பத் தொட்டியில் விட்ட பிறகுதான் எல்லோருக்கும் காது திறந்தது.

"அப்போ உடைங்க."

"உடைச்சா உள்ள இருக்கறவங்க?"

நான் அவர் கையை வெளியே தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டரே, நாள் இல்லாத மாடல் பொம்மைன்னு நீங்கதான சொல்வீங்க. இந்த நாள் வேண்டாம்னா ஒரு நாள் பின்னால போனா என்ன? முந்தின நாளு. விசிறியில வலை சுத்துன நாளு. கயிறும் கிடையாது, கஸ்பாரும் கிடையாது. இஞ்சின் நின்னு கிடக்கு, முங்கவும் முடியாது."

டாக்டரின் முகம் சிவந்தது. "அண்ணாச்சி, உங்களுக்கு எல்லாமே கதைதான். இந்த ஒரு நாளைச் சரியாப் பிடிக்க எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? உலகத்துல வேற யாருகிட்டயும் இந்த நாள் இல்ல. இதை அழிச்சிட்டு என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் என்னத்துக்கு? முந்தின நாளும் நடந்ததுதானே."

அவர் கையுறையைக் கழற்றினார். பிறகு அவளிடம் திரும்பி, பொய் வராத வாயால் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "பெரியம்மா, அப்படிச் செஞ்சா அவரு இதுக்குள்ள இருக்கமாட்டாரு. அந்தச் சத்தமும் இனிமே கேக்காது. உங்க அப்பான்னு உங்களுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

சலேத்தம்மாள் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தபடி நின்றாள். வெளியே தொட்டியில் அன்றைய கடைசித் தட்டுகள் வந்துகொண்டிருந்தன.

"கேக்காட்டிப் போகுது," என்றாள். "மூச்சு விட்டாப் போதும்."

முதல் தடவை டாக்டர் அவசரப்பட்டார். தையல் போடுகிற பட்டு நூலில் ஒரு வலை மாதிரி பின்னி விசிறியில் சுற்றினார். கப்பல் அதைக் கருவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கித் துப்பிவிட்டு வழக்கம்போல மூழ்கியது. அதற்கு எது உண்மை, எது ஒப்புக்கு என்று தெரிந்திருந்தது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஆராய்ச்சியில் இறங்கினார்: அந்தக் காலத்தில் நைலான் ஏது, பட்டு யாரிடம் இருந்தது, பருத்தி நூல், மரப்பட்டைச் சாயத்தில் முக்கியது, சாளை வலையா பெருவலையா, கண்ணி எத்தனை விரல் அகலம். ஏலக்கடைக் கிழவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். கேட்டதையெல்லாம் எழுபத்திரண்டால் வகுத்தார். பின்னியவள் சலேத்தம்மாள். பல் வேர் குடைகிற ஊசியை வலை ஊசியாக வைத்துக்கொண்டு, கண்ணுக்கு டாக்டரின் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூசி மாதிரி கண்ணிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தாள். முடிகிற நாட்களிலெல்லாம் கப்பல் அவள் பக்கத்திலேயே மூழ்கிக்கொண்டிருந்தது, அவள் தலையைத் தூக்கவில்லை.

முடித்த அன்று டாக்டர் கம்பியிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். உருவுசுருக்கு, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வலையை விசிறியில் சுற்றினார். காத்திருப்பு அறையில் கன்னம் வீங்கியவர்கள், வீங்காதவர்கள், சுண்டல்காரன், சாமியார், எல்லோரும் நின்றார்கள். பள்ளிக்கூட மணி அடித்தது.

கப்பல் மூழ்கவில்லை. விசிறி ஒரு தடவை திணறி நின்றது. இசைத்தட்டு நின்றது. அதற்குள்ளிருந்து யாரோ எதையோ அதட்டிச் சொல்வது கொசு பாடுவது மாதிரி கேட்டது. மூலையில் நின்ற தங்கமீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கலாம். இடுப்பில் கோவணம், அதன் மேல் சுற்றிய கயிறு, கையில் கத்தி, உடம்பெல்லாம் உப்புத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஃபேனை ஒரு தடவை பார்த்தான், கொஞ்சம் குனிந்துகொண்டான்.

"ஐயா, கும்பிடுறேன். கப்பல் விசிறியில வலை சிக்கிக்கிடக்குன்னு ஆள் விட்டாங்க. இங்கதானா?"

டாக்டர் வாயைத் திறந்தார். உண்மையைத் தவிர வேறெதுவும் அந்த வாயில் வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும், நான் அவர் காலை மிதித்தேன்.

"கப்பலா?" என்றேன். "இது பல் புடுங்குற எடம்ல. கப்பல் நேத்தே போயிருச்சு. காத்து மாறினதும் வலை தானா அவுந்து போச்சு."

"போயிருச்சா? இப்பத்தான ஆள் வந்தான்."

"வந்தவன் குடிச்சிருந்தானா?"

"அது... வாசம் அடிச்சுது," என்று ஒத்துக்கொண்டான்.

"பின்ன என்ன."

அவன் திரும்பப் போனான், நின்றான். தொட்டி அவனுக்கு முதுகுப்பக்கம் இருந்தது. அதற்குள்ளிருந்து, கஸ்பார் தட்டிய மாதிரி ஒற்றைத் தட்டு இல்லை, பல பேர் கூடி, இரும்பால் இரும்பை அடிக்கிற சத்தம் கிளம்பியது.

"அது என்ன சத்தம்?"

நான் சொல்வதற்குள் டாக்டர் மச்சாது, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, வாயைத் திறக்காமல் ஒரு பொய் சொன்னார்: உள்ளே போய் டிரில் மெஷினைப் போட்டுவிட்டார். அது கிர்ரென்று கத்தியது. சுண்டல்காரன் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "அய்யோ அம்மா" என்றான். சாமியாரும் "அய்யோ" என்றார். அவர் செய்த பாவத்தை அவரே மன்னித்துக்கொண்டிருப்பார்.

சலேத்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தன்னில் மூன்றில் ஒரு பங்கு வயசுகூட இல்லாத அவனை நெற்றியிலிருந்து கால்வரை, கால்விரலிலிருந்து நெற்றிவரை பார்த்தாள். ஏலக்கடையை அடக்குகிற குரல் எங்கேயோ போயிருந்தது.

"ஐயா, நீ வீட்டுக்குப் போ."

"ஆச்சி, நீங்க யாரு வீட்டு ஆளு? உங்க மூக்கு எங்க ஆத்தா மூக்கு மாதிரியே இருக்கு."

"எல்லா மூக்கும் ஒண்ணுதான். போ. பொஞ்சாதி மாசமா இருக்கால்ல?"

"அது எப்படி உங்களுக்கு..."

"மொகத்துல எழுதியிருக்கு. கப்பல்காரன் கூப்பிட்டான், தேத்தண்ணி குடுத்தான்னு எங்கேயும் ஏறிராத. உன் கயிறு மச்சினன் கையிலயே இருக்கணும். கேட்டியா?"

"சரி ஆச்சி," என்றான், எதற்கு என்று புரியாமல். போகத் திரும்பினான். அவள் டிபன் வாளியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "வழியில சாப்புடு. நண்டு. நல்லா இருக்கும்."

அவன் அந்தப் பளபளப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பார்த்தாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. கதவு சாத்திக்கொண்டது. வாசலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து கடற்கரைப் பக்கத்துக்கு, ஈரக்கால் தடம் கொஞ்ச தூரம் போய்க் காய்ந்துவிட்டது. உள்ளே டிரில் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது, யாரும் போய் நிறுத்தவில்லை.

மறுநாள் நான் போனபோது சலேத்தம்மாள் இன்னொரு பல்லைக் காட்ட வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டிபன் வாளி: நசுங்கி, கைப்பிடி மாற்றி, மூடிக்கு ஈயம் பற்றவைத்து, எத்தனையோ வருஷப் புழக்கத்தில் பளபளப்பெல்லாம் போனது.

"இது எங்க அப்பா வாளி, ரெமியண்ணே," என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து. "ஊருக்குள்ள சில்வர் சாமானே வராத காலத்துல அவருகிட்ட இருந்துச்சாம். அந்த மனுசன் எனக்கு விட்டுட்டுப் போனது இந்த வாளியும் அந்தக் குறட்டையும்தான், குறட்டை என் மூத்தவனுக்குப் போயிருச்சு. எம்பது வயசு வரைக்கும் ஒரு பல்லு விழல அவருக்கு. என் கல்யாணத்துல மாப்ளை வீட்டுக்காரனோட சண்டை போட்டு மூணு வருசம் பேசல. சரியான கொதிப்பு."

"தொம்மை மாமா கையி?" என்று கேட்டேன்.

"மாமா கையா? பூ மாதிரி இருக்கும். கடைசி வரைக்கும் அப்பா கயிறு அவருகிட்டதான்." பிறகு சிரித்தாள். "அப்பாவும் உங்கள மாதிரிதான், வாயைத் தெறந்தாப் புளுகு. கலியாணமான புதுசுல கப்பல்ல வேலைன்னு போனாராம், அங்க கப்பலே இல்லையாம், ஒரு ரூமு நிறைய கன்னம் வீங்கினவங்களா உக்காந்திருந்தாங்களாம், மேல ஏதோ சுத்துச்சாம். ஒரு கிழவி வெரட்டி விட்டாளாம். இந்த வாளியைக் குடுத்ததும் அவளாம். அந்தக் கிழவி யாரோ எவரோ, நல்லா இருக்கணும்னு சாகுற வரைக்கும் தினம் ஜெபமாலையில ஒரு மணி அவளுக்குன்னு வச்சிருந்தாரு பாத்துக்கிடுங்க."

டாக்டருக்கும் ஒன்றும் நினைவில்லை. மாடலுக்கு எந்த நாள் என்று கேட்டால், "வலை சுத்தின நாள்தான் அண்ணாச்சி, மொதல்லேருந்தே அதுதான்" என்கிறார், பொய் சொல்லாத முகத்தோடு. கப்பல் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டால், "அதுக்கப்புறம் யாரும் பாக்கல, வலையோட எங்கேயோ ஒதுங்கியிருக்கும்" என்கிறார். சுண்டல்காரன், சாமியார், குறுக்கெழுத்துக்காரர்கள், யாருக்கும் நினைவில்லை. நான் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேரும் ரசித்துக் கேட்டார்கள். ஒருவர் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு மட்டும் ஏன் மறக்கவில்லை என்றால், ஒரே கிண்ணத்து மாவு. அது கப்பலின் வயிற்றில் என்ன நடக்கிறதோ அதை என் ஈறில் சொல்லிவிடுகிறது.

தொட்டியில் இப்போது கப்பல் மூழ்குவதில்லை. விசிறியில் வலையோடு, அசையாமல், அழகாக மிதக்கிறது. பார்க்கிறவர்கள் கண்ணி கண்ணியாக வலையைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். வெங்காய வாசம் கொஞ்ச நாள் வந்தது, பிறகு மெலிந்தது, பிறகு இல்லை, தீர்ந்துவிட்டது போல. பள்ளிக்கூட மணி அடித்ததும் கப்பலுக்குள் இருக்கிறவர்கள் தட்ட ஆரம்பிக்கிறார்கள். மற்றவர்கள் தொட்டியின் காற்று மோட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வலையை அறுக்க ஆள் விட்டோமே, என்ன ஆச்சு என்று உள்ளே இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கும் எங்கேயோ ஒரு கரை இருக்கும், அந்தக் கரையில் யார் யாரோ மாசமாக இருந்திருப்பார்கள், வயிற்றில் இருந்தவர்கள் இப்போது கிழடாகியிருப்பார்கள்.

ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் யாரையும் கூப்பிட்டுவரப் போவதில்லை, வலை அறுந்தால் அந்த மறுநாள் வந்துவிடும். சலேத்தம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அப்பனைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை மாட்டேன்.

அதனால் தினமும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, தொட்டியின் கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். பொறு. பல்செட்டைக் கழற்றிக் கண்ணாடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, பொக்கை வாயால், எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்கிறேன்.

"ஆள் கிளம்பிட்டான்," என்கிறேன். "கரையை விட்டாச்சு. இந்தா வந்துக்கிட்டே இருக்கான்."

உள்ளே தட்டுவது நின்றுவிடுகிறது. என்னை நம்புகிறவர்கள் இப்போது அவர்கள் மட்டும்தான்.